அம்மாவுக்கு ஆமை தெரியவில்லை

முதல் கடற்கரையில் நண்டுதான் கிடைத்தது. காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள். ஏழு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் பருந்து. சோபாவுக்கு அடியில் உருண்ட மணி, என் தலையில் புதிதாக வந்த நரை, அப்பா சட்டைப் பையில் ஒளித்து வைத்த மிட்டாய், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. பெரியவளுக்குப் பதின்மூன்று. காதில் மாட்டியிருந்த இயர்போனைக் கழற்றாமலே குனிந்து பார்த்து, "ம், பாத்தாச்சு. நண்டு. அடுத்து" என்றாள். என் வீட்டுக்காரர் மண்ணில் மண்டியிட்டு, நண்டு வளைக்குள் போகும்வரை பார்த்துவிட்டு எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கடைசி. நான் எப்போதும் கடைசி.

"பாத்துட்டேங்க."

"எந்தப் பக்கம் போச்சு?"

"வலது பக்கம். ஒரு கொடுக்கு பெருசு, ஒண்ணு சின்னது."

"ரைட்... ரைட்" என்று கார்க் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் டிரைவர் வீட்டில் எல்லாமே இப்படித்தான் கிளம்பும்.

இது எங்கள் குடும்பச் சட்டம். ஓர் இடத்தில் யாராவது ஒருவர் முதலில் ஓர் உயிரைக் கண்டுபிடித்தால் மற்ற மூவரும் அதே உயிரைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நாலு பேரும் பார்க்காமல் வண்டி நகராது. சும்மா பார்த்தேன் என்று சொல்ல முடியாது, குறுக்கு விசாரணை உண்டு. சட்டம் போட்டதே என்னால்தான். கல்யாணமான புதிதில் எங்கே போனாலும் நான் வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் காவல் இருப்பேனாம். என்னை இறக்குவதற்காக அவர் கண்டுபிடித்த வழி. ஒருமுறை பெரியவள் கண்ணில் ஒரு மீன்கொத்தி படவில்லை என்பதற்காகத் தூறலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். "வேலையில நான் யாரையும் விட்டுட்டுப் போனதில்ல, வீட்ல விடுவேனா" என்றார்.

அவர் பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு வருஷம். ஒரு கீறல் கிடையாது. இதை அவர் சொல்லி நான் கேட்டதைவிட, டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் தம்பி சொல்லிக் கேட்டதுதான் அதிகம். இன்றைக்கு வந்த காரும் தம்பியுடையதுதான். ஒரு நாளைக்கு இரவல்.

நான் ரயிலில் போகலாம் என்றுதான் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரம் முன்னால் சமையலறையில் அவர் குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிறைந்தது, வழிந்தது, மேடையில் ஓடித் தரையில் சொட்டியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். "என்னங்க, எங்க இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பிறகு திரும்பி வந்தார், வெளியே போயிருந்தவர் வீட்டுக்குள் வருவது மாதிரி. தரையைப் பார்த்து, "யாரு இவ்வளவு தண்ணி கொட்டினது?" என்றார்.

டாக்டரிடம் தனியாகத்தான் போனார். திரும்பி வந்து, "ஏதோ சத்துக் குறைச்சலாம், மாத்திரை குடுத்திருக்கார்" என்றார். பெயர் போட்ட அட்டைப் பெட்டி இல்லாத மாத்திரை. நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, இந்த வரி தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்பதுதான் என் பிழைப்பு. லைசென்சுக்காக வருகிற டிரைவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நான் கீழ் வரிக்குக் குச்சியைக் கொண்டுபோவதற்கு முன்பே கடகடவென்று ஒப்பிப்பார்கள். அப்படிப்பட்டவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டில் கண்டுபிடிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் கடற்கரையிலிருந்து இரண்டாவதற்குப் போகும் சாலை மலையை ஒட்டி வெட்டியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் இடுப்புயரக் கல்சுவர், அதற்கப்பால் வெறும் காற்று, ரொம்பக் கீழே கடல். பின் சீட்டில் இரண்டு பேரும் ஜன்னலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் கடலைப் பார்க்கவில்லை. அவர் கண் இமைப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அழகாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீரிங்கைக் குழந்தையின் தலையைத் திருப்புவது போலத் திருப்பினார்.

"என்ன, என்னையே பாத்துட்டு வர்றே? இவ்வளவு அழகாவா இருக்கேன்?"

"ரோட்டப் பாருங்க."

"அம்மாவுக்கு அப்பா மேல லவ்வு" என்றாள் பருந்து. பெரியவள், "கருமம்" என்றாள்.

இரண்டாவது கடற்கரை சாலைக்குக் கீழே ஒரு கிண்ணம் மாதிரி இருந்தது. மேலே வண்டியை நிறுத்திவிட்டு எழுபது எண்பது படி இறங்க வேண்டும். கீழே ஆளே இல்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மூன்று கறுப்புப் பாறைகள், நடுவில் தண்ணீர் பச்சையாக அமைதியாகக் கிடந்தது. இந்த இடத்துக்கு ஆமைகள் வரும் என்று அவர் எங்கேயோ படித்து வைத்திருந்தார். மூச்சு விடத் தலையைத் தூக்கும், கட்டைவிரல் அளவுதான் தெரியும், ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் போய்விடும் என்று படியிறங்கும்போதே பாடம் எடுத்தார். கீழே போனதும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் மாதிரி பாறைகளின் பக்கம் மெதுவாகத் திருப்பினார். திருப்பியது நின்றது.

"ஷ்ஷ்" என்றாள் பருந்து. "அப்பா ஏதோ பாத்துட்டாரு."

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பருந்து அவர் கை காட்டுவார் என்று காத்திருந்தாள். கை காட்டவில்லை. "எங்கப்பா? எந்தப் பக்கம்?" என்று கிசுகிசுத்தாள். பதில் இல்லை. பெரியவள் காதில் இருந்ததைக் கழற்றினாள். ஓர் அலை வந்து அவர் காலணியை நனைத்தது. ஈரமாகிவிடும் என்று எப்போதும் பின்னால் குதிக்கிறவர் அசையவில்லை. நான் போய் அவர் முன்னால், பைனாகுலருக்கு நேர் எதிரே நின்றேன். கண்ணாடிக்கு முன் கையை ஆட்டினேன். பைனாகுலரை மெல்லக் கீழே இறக்கினேன். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்லுவது போல மெல்ல அசைந்தது. குழந்தைகளுக்குத் தெரியாமல் அவர் முகத்தை என் முதுகால் மறைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அலையை எண்ணினேன். ஐந்து அலை.

ஆறாவது அலையில் கண் என்னிடம் வந்து சேர்ந்தது. காலைப் பார்த்தார், நனைந்த காலணியைப் பார்த்தார், என் கையில் இருந்த பைனாகுலரைப் பார்த்தார்.

"என்ன பாத்தீங்கப்பா? ரொம்ப நேரமாப் பாத்தீங்களே?" என்றாள் சின்னவள்.

ஒரு விநாடிதான். "டால்பின் மாதிரி இருந்துச்சுடா செல்லம். ரொம்ப தூரத்துல. போயிடுச்சு" என்றார்.

அந்த ஒரு விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தன்னிடமிருந்து ஒரு துண்டு நேரம் காணாமல் போனது அவருக்குத் தெரியும். இப்படிப் போவது முதல் முறை அல்ல என்றும் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க என்ன வைக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறார். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்த டிரைவர்.

மேலே கார் நின்றது. இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அதே கல்சுவர்ச் சாலைதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எந்தக் காலில் எதை மிதிப்பார்கள் என்றுகூடத் தெரியாது.

அப்போதுதான் பருந்து கத்தினாள். "ஆமை! அதோ, நடுப் பாறைக்குப் பக்கத்துல."

பெரியவள் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்துவிட்டார், இந்த முறை உண்மையாகவே. பழுப்பு நிறத் தலை, அதற்குப் பின்னால் ஓட்டின் வளைவு, தண்ணீரில் ஒரு பளபளப்பு. நான் மிக நன்றாகப் பார்த்தேன். அதன் மூக்கிலிருந்து தெறித்த நீர்த்துளிகூடத் தெரிந்தது.

"அம்மா, பாத்தியா?"

"இல்லையே" என்றேன். "எனக்குத் தெரியல."

முதலில் சிரித்தார்கள். அம்மாதான் எப்போதும் கடைசி. ஐந்து நிமிஷத்தில் ஆமை மறுபடி தலையைத் தூக்கியது. "எந்தப் பாறை?" என்றேன். நடுப் பாறை. "நடுன்னா இந்தப் பக்கமிருந்தா, அந்தப் பக்கமிருந்தா?" மூணு பாறையில நடு எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நடுதாம்மா என்றாள் பெரியவள். மறுபடி வந்தது. பருந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆமையின் நேருக்குத் திருப்பினாள், என் கன்னத்தில் அவள் விரல்கள் மணலாக அழுந்தின. அவளுக்கும் ஆமைக்கும் நடுவே ஒரு கோடு போட்டால் அது என் மூக்கு நுனி வழியாகப் போயிருக்கும்.

"தெரியலடா."

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறே. உனக்கே கண்ணு தெரியலையா?"

"வெயில்ல கண்ணு கூசுது."

ஒரு மணி நேரம் ஆனது. கொண்டுவந்த ரொட்டி தீர்ந்தது. தண்ணீர் பாட்டிலில் அடிமட்டத்துக்கு வந்தது. ஆமை ஏழு முறை வந்தது. ஏழு முறையும் இல்லை என்றேன். தெரிகிறது என்று பொய் சொல்கிறவர்களை நான் ஆயிரம் பேர் பார்த்திருப்பேன். தெரியவில்லை என்று பொய் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கண்ணை அந்த இடத்தில் நிற்கவிடக் கூடாது, தாண்டிப் போகவிட வேண்டும், குழந்தையின் முகம் வாடுவதைப் பார்த்த பிறகும். சாயங்காலம் வரை இழுக்கலாம். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு என்னவென்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த வண்டி இப்போது கிளம்பக் கூடாது, அவ்வளவுதான் என் திட்டம்.

"அம்மா வேணும்னே பண்றா" என்று பருந்து அழத் தொடங்கினாள்.

அவர் இரண்டு பேரையும் கிளிஞ்சல் பொறுக்க அனுப்பினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆமை மறுபடி தலையைத் தூக்கியது, இருவரும் பார்த்தோம்.

"எவ்வளவு நேரம் நின்னேன்?" என்றார்.

"அஞ்சு அலை."

"அலையெல்லாம் ஒரு கணக்கா?"

"டாக்டர் என்ன சொன்னாரு? சத்துக் குறைச்சல்னு சொல்லாதீங்க."

மணலில் விரலால் எதையோ கிளறினார். "வலிப்புல ஒரு வகையாம். விழ மாட்டாங்களாம், அப்படியே நின்னுடுவாங்களாம். மாத்திரையில சரியாயிடும்னாரு."

"வண்டி?"

"ஆறு மாசம் தொடக் கூடாதுன்னாரு. டிப்போவுல எழுதிக் குடுக்கச் சொன்னாரு."

"மூணு வாரமா தினமும் பஸ் ஓட்டிட்டு வர்றீங்க."

"ஓட்டும்போது ஒருதடவைகூட வரல."

"வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அதைக் கேட்டிருக்க வேண்டாம். அவர் முகம் அப்போது, கடையில் கீழ் வரியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொன்னதும் சில பேருக்கு ஆகுமே, அப்படி ஆனது.

"எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு" என்றார் மெதுவாக. "எழுதிக் குடுத்தா என்னை எடுத்து எங்கயாவது சாவி மாட்டுற இடத்துல உக்கார வைப்பாங்க. நேத்து வரைக்கும் எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவன் வந்து, அண்ணே சாவி குடுங்கன்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிடுவே."

"தம்பிக்குப் போன் பண்றேன். அவன் வந்து கார ஓட்டிட்டுப் போகட்டும்."

"உன் தம்பிக்குத் தெரிஞ்சா நாளைக்கு டிப்போ முழுக்கத் தெரியும். வேண்டாம்."

"அப்ப மேல பஸ் ஸ்டாப் இருக்கு. பஸ்ல போலாம்."

"பஸ்லயா?" சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது. "நான் பஸ்ல பின்னால உக்காந்து வரணுமா? இந்த ரூட்ல ஓட்டுறவன் அத்தனை பேரும் எனக்குப் பழக்கம். என்னண்ணே லீவான்னு கேப்பான்." பிறகு என் கையைப் பிடித்தார். "வீடு வரைக்கும். மெதுவாப் போறேன். நீ பக்கத்துல பேசிட்டே வா. நான் பதில் சொல்லலைன்னா ஹேண்ட் பிரேக்க இழுத்துடு. எப்படின்னு காட்டித் தரேன். இன்னைக்கு மட்டும்மா."

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது. கையை விடுவித்துக்கொண்டேன்.

"எனக்கு இன்னும் ஆமை தெரியலைங்க" என்றேன்.

எழுந்தார். பேண்டைத் தட்டினார். குரலை உயர்த்தி, "அம்மா பாத்துட்டாடா, கிளம்பலாம்" என்று கூப்பிட்டார். குழந்தைகள் ஓடி வந்தார்கள்.

"நான் பாக்கல."

"பாத்துட்டா. வெட்கப்படுறா. ரைட், ரைட்" என்று கை தட்டிக்கொண்டே படியேறத் தொடங்கினார். சட்டத்தை அவரே மீறியது அதுதான் முதல் தடவை. பருந்து ஒரு நிமிஷம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பசி ஜெயித்தது, அப்பாவின் பின்னால் ஓடினாள். நான் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். படி முடிவதாக இல்லை. மேலே போனபோது மூச்சு நெஞ்சில் குத்தியது. அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டார். பருந்து பின் சீட்டில் ஈரக்காலோடு ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பின் கதவைத் திறந்து, "இறங்குடி" என்றேன்.

"ஏம்மா?"

"இறங்குன்னா இறங்கு."

அவள் இறங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இழுத்தேன். கதவு விளிம்பில் முழங்கால் இடித்து வீறிட்டாள். அவளை நான் அப்படி இழுத்ததே இல்லை. "என்ன பண்றே நீ? குழந்தைய ஏன் அழ வைக்கிறே?" என்று உள்ளிருந்து அவர் குரல் வந்தது. நான் என்ன சொல்வது? குழந்தைகள் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பெரியவள் மேலே வந்தாள். கீழே நான் விட்டுவந்த பை, பாட்டில், செருப்பு எல்லாவற்றையும் அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். அவற்றைச் சாலையோரம் வைத்துவிட்டு, நேராகப் போய்க் காரின் முன்னால் நின்றாள்.

"தள்ளு பாப்பா" என்றார்.

"அப்பா, அன்னைக்குக் கணக்கு சொல்லித் தரும்போதும் இப்படித்தான் நின்னீங்க."

பெரியவள் நகரவில்லை.

"பென்சில் நோட்டுல கோடு போட்டுட்டே போச்சு. பக்கம் தாண்டி மேஜைலயும் போச்சு. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னீங்க. நான் சொல்லல." பதின்மூன்று வயதின் அலட்சியமெல்லாம் எங்கே போயிற்றோ, குரல் பருந்தின் குரல் போல ஆகிவிட்டது. "பஸ்ல எத்தனை பேர்ப்பா இருப்பாங்க?"

இத்தனை நாள் அவள் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். காதில் மாட்டிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் சலித்துக்கொண்டு. நான் அவளைத் திமிர் பிடித்தவள் என்று போன வாரம்கூடத் திட்டினேன்.

வளைவில் ஒரு லாரி வந்தது. நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஒரு ஹாரன் கொடுத்து, சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் காற்றில் பெரியவளின் முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிடவில்லை. பானெட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள், வண்டியைத் தள்ளி நிறுத்துகிறவள் மாதிரி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. முன் கண்ணாடியில் வானம் விழுந்து முகத்தை மறைத்தது. பருந்தை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு அவர் பக்க ஜன்னலுக்குப் போனேன். பாதி இறக்கியிருந்தது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. கண் திறந்திருந்தது. பெரியவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பெரியவள் நிற்கும் இடத்தை.

"என்னங்க" என்றேன்.

கால் எதை மிதித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. கியர் போட்டிருக்கிறாரா, ஹேண்ட் பிரேக் எந்தப் பக்கம் இருந்தால் இழுத்ததாக அர்த்தம், ஒன்றும் தெரியவில்லை. அவள் உள்ளங்கைகள் பானெட்டில் இருந்தன. "இந்தப் பக்கம் வாடி" என்று கத்த நினைத்தேன். கத்தினால் அவர் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டால்?

சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்கும், அது மட்டும் தெரியும். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டேன். தோளைத் தாண்டி, ஸ்டீரிங்குக்குக் கீழே, குளிர்ந்த பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டு போனேன். விரல் நுனியில் சாவி பட்டது. எஞ்சினோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. என் முழங்கைக்கு மேலே அவர் விரல்களும் ஸ்டீரிங்கில் அதே நடுக்கம் நடுங்கின. அவை பிடித்திருந்தனவா, சும்மா அங்கே இருந்தனவா என்று அவ்வளவு பக்கத்திலிருந்தும் தெரியவில்லை.